போர்க்கால ஜப்பானின் உடல்வலிமைச் சுவடிகள்

1. முன்னுரை

ஓர் அரசு தன் குடிமக்களின் உடலை அளந்து எழுதி வைத்த ஆவணங்கள் வரலாற்றாசிரியனுக்கு இருவகையிற் பயன்படுவன. அளக்கப்பட்ட உடலைப் பற்றி அவை சிறிது கூறும். அளந்த அரசைப் பற்றியோ மிகுதியும் கூறும். இவ்விரண்டனையும் பிரித்தறியாது, ஏட்டில் உள்ள எண்ணையே உண்மையெனக் கொள்வார் பலர். அவ்வாறு கொள்வது எத்துணைப் பிழைக்கு இடந்தரும் என்பதை ஒரு நாட்டின் வரலாறு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் எடுத்துக்கொண்ட நாடு ஜப்பான். காலம் 1938 முதல் 1945 வரை. அந்நாட்டு அரசு சீனப் போரிலும், பின்னர்ப் பசிபிக் போரிலும் ஈடுபட்டிருந்த அவ்வாண்டுகளில், இளைஞர் உடலை அளந்து, தரம் பிரித்து, சுவடியிற் பதிந்து வைக்கும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தியது. அத்திட்டம் பற்றிய சான்றுகள் மூவகைப்படும்: சட்டங்களும் அமைச்சக ஆணைகளும் ஒருவகை, தேர்வு அட்டவணைகளும் புள்ளிக் கணக்குகளும் மற்றொருவகை, தனியொருவர் கையில் தரப்பட்ட சுவடிகள் மூன்றாவது வகை. இம்மூன்றும் ஒரே பொருளைப் பற்றியனவாயினும் ஒரே செய்தியைக் கூறுவன அல்ல. அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கின், வலிமை வேண்டும் என்று ஆணையிட்ட அரசு அவ்வலிமைக்கு வேண்டும் உணவையும் ஓய்வையும் தர இயலாது நின்ற நிலை தெளிவாகும்.

2. சொற்கள் தரும் சான்று

ஆவணங்களை ஆராய்வார் முதற்கண் அவற்றின் சொற்களை ஆராய்தல் நன்று. 1938-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜப்பானில் புதிய அமைச்சகம் ஒன்று நிறுவப்பெற்றது. அதற்கு இடப்பட்ட பெயர் 'கோசெய்' என்பது. இது சீனத்தின் தொன்னூல்களுள் ஒன்றான சூ ஜிங் என்னும் நூலின் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. மக்கள் வாழ்வை வளமுறச் செய்தல் என்பது அதன் பொருள். அவ்வமைச்சகத்துள் உடல்வலிமைக்கெனவே ஒரு தனிப் பிரிவு அமைந்தது. 'தைர்யோக்கு' என்பது உடல்வலிமையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். 'தை' உடல், 'ர்யோக்கு' ஆற்றல்.

1940-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் 'தேசிய உடல்வலிமைச் சட்டம்' வெளியிடப்பட்டது. அதன் முதற்பிரிவு, மக்களின் உடல்வலிமை உயரும் பொருட்டு அரசு அவ்வலிமையை மேலாண்மை செய்யும் என்று கூறுகிறது. மேலாண்மை என்பது சோதித்தலும், வழிகாட்டலும், வேண்டும் பிற நடவடிக்கைகளை மேற்கொள்ளலும் ஆம் என விளக்கமும் தருகிறது. ஒருவன் தன் உடலைத் தான் பேணிக் கொள்ளுதல் வேறு. அரசு அதனை ஒரு சொத்தினைப் போல் மேலாண்மை செய்தல் வேறு. நிலத்திற்கும் கருவூலத்திற்கும் உரிய சொல் ஈண்டு உடம்பிற்கு ஆளப்பட்டது.

1941-இல் தொடக்கப் பள்ளிகள் 'தேசியப் பள்ளிகள்' எனப் பெயர் மாற்றப்பெற்றபோது, உடற்பயிற்சிப் பாடமும் 'தைரென்' எனப் பெயர் மாறியது. 1942-இல் மெய்ஜி திருக்கோவில் விளையாட்டு விழாவின் பெயருள் 'ரென்செய்' என்னும் சொல் புகுந்தது. இவ்விரண்டிலும் உள்ள 'ரென்' என்பது உலோகத்தைக் காய்ச்சித் தட்டிப் பதப்படுத்துதலைக் குறிப்பது. கொல்லன் உலையில் இரும்பு பெறும் நிலை அச்சொல்லிற் புலனாகும். 1938-இல் வாழ்வை வளமாக்கல், 1940-இல் மேலாண்மை செய்தல், 1942-இல் உலையிலிட்டுப் பதப்படுத்தல் என நான்காண்டுகளில் சொற்கள் சென்ற வழியே அரசின் கருத்துச் சென்ற வழியுமாம்.

3. அச்சம் விளைத்த எண்கள்

இத்திட்டம் தோன்றுதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது யாது? இளைஞர் உடல்நிலை ஆண்டுதோறும் தாழ்ந்து வருகிறது என்னும் படைத்துறையின் கூற்றேயாகும். ஜப்பானில் 1873 முதல் கட்டாயப் படைச்சேர்ப்பு முறை இருந்தது. இருபது அகவை எய்திய ஆடவர் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, தரவகைகளுள் ஒன்றிற் சேர்க்கப்படுவர். படையின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த கொய்சுமி சிக்காஹிகோ என்பார் இச்சோதனைக் கணக்குகளைச் சான்றாக நிறுத்தி, மக்கள் உடல்நிலையைக் காக்கத் தனி அமைச்சகம் வேண்டும் என்று 1936 முதல் வற்புறுத்தினார். படைக்குத் தகுதி குன்றிய தாழ்ந்த தரத்தினர் 1922 முதல் 1926 வரை ஆயிரவர்க்கு ஏறத்தாழ 250 பேர் எனவும், 1927 முதல் 1932 வரை 350 பேர் எனவும், 1935-இல் 400 பேர் எனவும் படைத்துறை எடுத்துக் காட்டியது. இவ்வெண்கள் நாளிதழ்களிலும் அவைகளிலும் பேசப்பட்டன. கொய்சுமி 1941-இல் அவ்வமைச்சகத்தின் அமைச்சராகவே அமர்ந்து 1944 வரை அப்பதவியில் இருந்தார்.

இவ்வெண்கள் பொய்யல்ல. ஆயினும் அவை கூறுவதாகச் சொல்லப்பட்டதனை அவை கூறவில்லை. அதே படைத்துறை எடுத்த உயர அளவுகளை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 156, 157 செண்டிமீட்டராக இருந்த இருபது அகவையினரின் சராசரி உயரம் 1930-களின் இடையில் ஏறத்தாழ 160 செண்டிமீட்டரை எட்டியிருந்தது. உடல் தாழ்ந்து வந்த ஒரு தலைமுறை உயரத்தில் வளர்ந்து வந்தது எங்ஙனம்? ஒரே அலுவலகத்தின் இருவேறு அட்டவணைகள் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன.

இம்முரணுக்குரிய விடை தேர்வின் அளவுகோலில் உளது. தாழ்ந்த தரம் என்பது மனிதன் உடலில் எழுதப்பட்ட ஒன்றன்று; அதிகாரி வகுத்த எல்லைக்கோடு. கோடு நகரின் தொகையும் நகரும். 1925-இல் நான்கு படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டு ஆள்தேவை சுருங்கியது. ஆள் மிகுதியாகக் கிடைக்கும்போது சலிப்பவன் கண் நுண்ணியதாகும். போர் பெருகி ஆள் போதாத நிலை வந்ததும் கோடு கீழிறங்கியது. முதல் தரத்திற்கு 155 செண்டிமீட்டர் வேண்டும் என்றிருந்த விதி 152 எனத் தளர்த்தப்பட்டது. நேற்றுத் தகுதியற்றவனாய் இருந்தவன் ஓர் அங்குலமும் வளராமலே இன்று தகுதியுடையவன் ஆனான். ஜப்பானிய வரலாற்றறிஞர் தகாஒகா ஹிரோயுகி 2011-இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்து, உடல்நிலைத் தாழ்வு என்னும் கூற்று தேர்வுமுறை மாற்றங்களோடு பிணைந்தது என்பதனைப் புலப்படுத்தியுள்ளார். அவர் முடிபு எமக்கும் உடன்பாடே.

4. தேர்வும் சட்டமும்

1928-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பேரரசர் முடிசூட்டு விழாவினையொட்டி, வானொலி வழி உடற்பயிற்சி தொடங்கப்பட்டது. அஞ்சல்துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு அதனை முன்னின்று நடத்தியது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றன் வானொலிப் பயிற்சியே அதற்கு முன்மாதிரி. காப்பீடு செய்தவர் நெடுநாள் வாழ வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். எனவே உடல்நலத்தை மக்களிடையே பரப்பும் முயற்சி போருக்கு முன்னரே இருந்தது என்பதும், போர் அதனைத் தன் வயமாக்கிக் கொண்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

1938 சூலையில், தோக்கியோவில் 1940-இல் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவினை நடத்தும் உரிமையை ஜப்பானிய அரசு திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டில், பதினைந்து முதல் இருபத்தைந்து அகவை வரையுள்ள ஆடவர்க்கு 'உடல்வலிமைச் சின்னத் தேர்வு' தொடங்கப்பட்டது. நூறு மீட்டர் ஓட்டம், இரண்டாயிரம் மீட்டர் ஓட்டம், நீளத் தாண்டல், கைக்குண்டு எறிதல், சுமை தூக்கி ஓடல், கம்பியில் தொங்கி உடலை உயர்த்துதல் என்பன அதன் உறுப்புகள். மேல், இடை, கடை என மூன்று தரங்கள் வகுக்கப்பட்டன. மேல்தரத்திற்கு நூறு மீட்டரை 14 வினாடியிற் கடத்தலும், குண்டினை 45 மீட்டர் எறிதலும் வேண்டும். கடைத்தரத்திற்கு 16 வினாடியும் 35 மீட்டரும் போதும்.

இப்பட்டியலே ஓர் ஆவணச் சான்றாகும். ஓட்டமும் தாண்டலும் விளையாட்டு அரங்கிலிருந்து வந்தவை. குண்டும் சுமையும் போர்க்களத்திலிருந்து வந்தவை. நீச்சலோ, பந்தாட்டமோ, குழுவாக ஆடி மகிழும் ஆட்டமோ இப்பட்டியலில் இல்லை. சோவியத்து நாட்டில் 1931-இல் தொடங்கிய தேர்விலும் குண்டெறிதல் இடம்பெற்றிருந்தது. ஆதலின் இது ஜப்பானுக்கே உரிய தனிவழக்கு அன்று. அக்காலப் பேரரசுகள் பலவற்றின் பொதுப்போக்கு என்று கொள்ளுதலே முறை. 1943-இல் இளம் பெண்டிர்க்கும் இத்தேர்வு விரிவாக்கப்பட்டது.

1940-ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் ஆழமாகச் சென்றது. சின்னத் தேர்வு திறனை அளந்தது; சட்டமோ உடலையே சோதித்தது. முதற்கண் பதினேழு முதல் பத்தொன்பது அகவை வரையுள்ள ஆடவர் ஆண்டுதோறும் சோதனைக்கு வரல் வேண்டும் என்றாயிற்று, பின்னர் 1942-இல் அகவை எல்லை விரிந்தது, குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். சோதிக்கப்பட்டவர்க்கு 'உடல்வலிமைச் சுவடி' ஒன்று தரப்பட்டது. உயரம், எடை, மார்பளவு, நோய் ஆகியவை அதிற் பதியப்பெற்றன. அதே 1940-ஆம் ஆண்டு மே திங்களில் மரபுவழி நோயுடையார் எனக் கருதப்பட்டோர்க்குக் கருத்தடை செய்ய வழிவகுத்த சட்டமும் வெளிவந்தது. வலியாரைப் பெருக்கலும் மெலியார் பிறவாது தடுத்தலும் ஒரே அமைச்சகத்தின் இரு கைகளாய் இயங்கின. இவ்விரு சட்டங்களையும் சேர்த்துப் படியாதார் இத்திட்டத்தின் இயல்பை முழுதும் உணரார்.

5. சுவடி கண்ட நோய்

வீரரைத் தேடிய சோதனை கண்டது நோயாளரை. என்புருக்கி நோய் என நாம் வழங்கும் காசநோய் அக்கால ஜப்பானில் சாவுக்குரிய காரணங்களுள் தலைமையானதாக இருந்தது. அதன் வேர் தொழிற்சாலைகளில் உளது என்பதனை மருத்துவர் இஷிஹாரா ஒசாமு 1913-இலேயே எடுத்துக் காட்டினார். நூலாலைகளுக்கு வேலைக்குச் சென்ற இளம்பெண்கள் நெருக்கமான விடுதிகளில் தங்கி, இரவுப் பணி புரிந்து, நோய் பற்றிய பின்னர்ச் சொந்த ஊர்க்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்; அவர் வழியே நோய் சிற்றூர்களிற் பரவியது.

உடல்வலிமைச் சட்டத்தின்கீழ் நடந்த சோதனைகளில் காசநோய்ச் சோதனையும் அடங்கியது. தோலில் மருந்தேற்றிப் பார்க்கும் முறையும், பலரை விரைவாகச் சோதிக்க உதவும் சிறிய ஊடுகதிர்ப் படமுறையும் கையாளப்பட்டன. 1942 முதல், பள்ளி முடித்துத் தொழிலுக்குச் செல்லும் இளைஞர்க்குப் பி. சி. ஜி. தடுப்பூசி இடப்பட்டது. இவை உண்மையான நன்மைகள் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. போருக்குப் பின்னர் அந்நாடு காசநோயை அடக்கியதற்கு இம்முறைகளிற் பெற்ற பயிற்சியும் துணையாயிற்று எனலாம்.

ஆனால் நோயைக் காணுதல் வேறு, தீர்த்தல் வேறு. 1943-இல் மட்டும் காசநோயால் இறந்தோர் 1,71,000-க்கு மேற்பட்டவர். இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 235 பேர். உடல்வலிமைச் சட்டம் வந்து மூன்றாண்டுகள் கழிந்த நிலை இது. காரணத்தை அறிதல் அரிதன்று. சோதனைக் கூடத்திலிருந்து வெளிவந்த இளைஞன் நேரே சென்ற இடம் போர்க்கருவித் தொழிற்சாலை அல்லது படைவீடு. அங்கே நெருக்கமும், நெடுநேர உழைப்பும், குறைந்த உணவும் அவனுக்காகக் காத்திருந்தன. 1913-இல் நூலாலையிற் கண்ட காரணங்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நாடு முழுமைக்கும் பரவின.

6. உணவின் கணக்கு

இனி, உடல்வலிமை ஆவணங்களை உணவுப் பங்கீட்டு ஆவணங்களோடு ஒப்பிடுவோம். 1941 ஏப்பிரலில் தோக்கியோ முதலிய ஆறு பெருநகரங்களில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிராம் என்பது அளவு. 1945 சூலையில் அதுவும் ஏறத்தாழ 300 கிராமாகக் குறைந்தது. பெயர் அரிசியாயினும், காலஞ் செல்லச் செல்ல அதன் இடத்தைக் கிழங்கும் பிற தவசங்களும் நிரப்பின.

இதன் விளைவைப் பள்ளி மாணவரின் உயர அளவுகள் காட்டுகின்றன. 1939-க்கும் 1948-க்கும் இடையே நாடு தழுவிய தொடர் அட்டவணையில் ஓர் இடைவெளி உளது. இடைவெளியின் இரு கரைகளையும் ஒப்பிடின், பதினான்கு அகவை ஆண்பிள்ளைகளின் சராசரி உயரம் ஐந்து செண்டிமீட்டருக்கு மேல் குறைந்திருப்பது தெரியவரும். 1930-களில் படைத்துறை அலறிய வீழ்ச்சி, அது அலறியபோது நிகழவில்லை; அதன் போரே பின்னர் அவ்வீழ்ச்சியைக் கொணர்ந்தது. இத்திட்டத்தின் வரலாற்றில் இதனினும் கசப்பான உண்மை பிறிதில்லை. உடலை மிகுதியாக அளந்த ஆண்டுகளே அவ்வுடல் மிகுதியாக மெலிந்த ஆண்டுகளும் ஆயின.

7. எரிந்தனவும் எஞ்சியனவும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் அடிபணிய முடிவு செய்தபோது, அரசின் ஆணையால் ஆவணங்கள் தீயிடப்பட்டன. தோக்கியோவின் அலுவலக முற்றங்களில் நாட்கணக்கிற் புகை எழுந்தது. சிற்றூர் அலுவலகங்களில் இருந்த படைச்சேர்ப்பு ஏடுகளையும் எரிக்குமாறு கட்டளை சென்றது. ஆயினும் தொயாமா, ஷிகா முதலிய மாவட்டங்களில் ஊரெழுத்தர் சிலர் அக்கட்டளைக்கு உட்படாது, ஏடுகளைத் தம் இல்லங்களில் மறைத்து வைத்தனர். தம் கையால் அழைப்பாணை கொடுத்து அனுப்பிய இளைஞர் பலர் திரும்பி வரவில்லை. அவர் பெயரேனும் நிற்கட்டும் என்பதே அவர்தம் எண்ணம். பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அவ்வேடுகள் வெளிவந்தன.

இத்தீ சான்றுகளின் தன்மையையே மாற்றிவிட்டது. பேரரசர் கையொப்பமிட்ட சட்ட மூலங்கள் இன்று ஜப்பானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2001-இல் நிறுவப்பட்ட ஆசிய வரலாற்று ஆவண நடுவத்தின் வழியே அவற்றின் படிகளை எங்கிருந்தும் காணலாம். அரசு என்ன விரும்பியது என்பது இங்ஙனம் தெளிவாக எஞ்சியுள்ளது. அது என்ன செய்தது என்பதோ அரைகுறையாகவே எஞ்சியுள்ளது. எனவே சட்டத்தை மட்டும் படித்து வரலாறு எழுதுவோன், எரித்தவர் விட்டுவைத்ததையே வரலாறெனக் கொள்ளும் பிழைக்கு ஆளாவான். குடும்பங்களின் பெட்டிகளில் கிடந்த சிறு சுவடிகளுக்கு உள்ள மதிப்பு இதனாற் புலனாகும். அலுவலகத்து ஏட்டினை எரிக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள சுவடியை எரிக்க இயலாது.

8. பதிவில் ஏறாத உடல்கள்

இவ்விடத்துத் தமிழர் மறத்தற்கியலாத ஒன்றனைக் கூறுதல் எம் கடன். இதே அரசு, இதே ஆண்டுகளில், தான் கைப்பற்றிய மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைச் சயாம் - பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டு சென்றது. பர்மியர், மலாயர், சாவகர் எனப் பிறரும் அப்பணியில் உழன்றனர். 1942-லும் 1943-லும் காட்டிலும் மழையிலும் வாந்திபேதியாலும் முறைக்காய்ச்சலாலும் பட்டினியாலும் மாண்டோர் பல்லாயிரவர். அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியிற் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய பெயர் வரிசை இல்லை. இறந்தோர் தொகையும் மதிப்பீடாகவே நிற்கிறது.

ஒருபுறம் இளைஞனின் மார்பளவை ஆண்டுதோறும் சுவடியில் எழுதிய அரசு. மறுபுறம் அதே அரசின் பணியில் பெயரும் எழுதப்படாது மண்ணில் மறைந்த உடல்கள். இவ்விரண்டும் வேறுவேறு வரலாறுகள் அல்ல. மனித உடலை ஆற்றலின் கொள்கலமாக மட்டும் கருதும் நோக்கில், பேணத்தக்க உடல் எனவும் செலவழிக்கத்தக்க உடல் எனவும் இருவகை தோன்றுதல் இயல்பே. உடல்வலிமைச் சுவடியைப் படிப்போர் அச்சுவடி பெறாதவரையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

9. முடிவுரை

போர் முடிந்தது. கொய்சுமி 1945 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். குண்டெறிதல் தேர்வு மறைந்தது. ஆயின் ஒன்று மறையவில்லை. 1942 சூலையில், மருத்துவர் செகி மித்சுவோவின் முயற்சியால், கருவுற்ற பெண்டிர்க்கென ஒரு சுவடி கொடுக்கப்பட்டிருந்தது. மக்கட்டொகையைப் பத்துக் கோடியாகப் பெருக்க வேண்டும் என்று 1941-இல் அமைச்சரவை வகுத்த கொள்கையே அதற்குப் பின்னணி. எனினும் அச்சுவடியைக் காட்டிய தாய்க்குக் கூடுதற் பங்கீட்டுப் பொருள் கிடைத்தது. உடல்வலிமைச் சுவடி உடலை அளந்து ஆணையிட்டது. தாயர் சுவடி அளந்ததோடு உணவும் தந்தது. 1947-இல் குழந்தை நலச் சட்டம் இயற்றப்பட்டதனையடுத்து, 1948-இல் அது தாய் சேய்ச் சுவடியாக மறுபிறப்பெய்தியது. 1990-களில் அம்முறை இந்தோனேசியாவிற்கும் பரவியது.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். உடல்நிலைத் தாழ்வு எனத் திட்டத்திற்குக் காட்டிய காரணம் அளவுகோலின் மாற்றத்தால் பெரிதும் விளைந்தது என்பது ஒன்று. வலிமையைத் தேடிய திட்டம் நோயைக் கண்டது, ஆயினும் அந்நோய்க்குரிய சூழலைத் தானே வளர்த்தது என்பது மற்றொன்று. அத்திட்டத்தின் கருவிகளுள், மக்கட்குப் பயன் தந்ததும் மக்கள் கையிற் கொடுக்கப்பட்டதுமான ஒன்றே காலத்தை வென்று நின்றது என்பது மூன்றாவது. உடலை அளக்கும் ஏடு எதுவாயினும், அதனை எடுத்துப் படிக்கும் மாணவர் அதன்கண் உள்ள எண்ணைப் படிப்பதற்கு முன், அளந்தவன் யார், எதன்பொருட்டு அளந்தான், அளந்தபின் அவ்வுடலுக்கு யாது கொடுத்தான் என மூன்று வினாக்களை எழுப்புவாராக. விடை கிடைக்கும் அளவே அவ்வெண்ணும் வரலாற்றுக்குப் பயன்படும்.